கருவி மரமும் நிரல்நிறையும்

ஒரு சிறு சில்லினுள்ளே செயலி, நினைவகம், சேமிப்பகத் தொகுதி முதலிய பல உறுப்புகள் உறைகின்றன. அவை தம்முள் தரவைக் கொடுத்தும் கொண்டும் இயங்குதற்கு அமைந்த வீதிகளே உள்ளிணைப்பு வலைகள் எனப்படும். அவ்வீதிகளிலே போக்குவரவு நிகழக் கடிகாரத் துடிப்பு வேண்டும். துடிப்பு விரைந்தால் தரவு மிகுதியாகச் செல்லும், மின்செலவும் மிகும். துடிப்பு நின்றாலோ வீதியே அடைபடும்.

மேசைக் கணினியின் பிசிஐ உறுப்புகள் தம்மைத் தாமே அறிவிக்கும். சில்லின் உறுப்புகளோ வாய்திறவா. ஆதலின், அவற்றை லினக்ஸுக்கு எடுத்துரைக்க 'டிவைஸ் ட்ரீ' என்னும் கருவி மரம் எழுதப்படுகின்றது. அதிலே ஒவ்வொரு வலைக்கும் ஒரு கணு உண்டு. அக்கணுவில் 'குளொக்ஸ்' என்னும் பண்பு துடிப்புகளின் மூலங்களைச் சுட்டும். 'குளொக்-நேம்ஸ்' என்னும் பண்பு அவற்றின் பெயர்களைத் தரும். நன்னூல் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. முதலாவது முதலாவதோடும் இரண்டாவது இரண்டாவதோடும் சென்று பொருந்தும் நிரல்நிறைப் பொருள்கோளே இது. வரிசை பிறழ்ந்தால் பொருளும் பிறழும்.

பிறழ்தலினும் கொடிது விடுபடுதல். லினக்ஸ் தன் தொடக்கப் பணிகளின் இறுதியிலே, எவரும் உரிமை கோராத துடிப்புகளை நிறுத்திவிடும். சில வலைகளின் பதிவேடுகளைத் தொடுதற்குச் சேமிப்பகத் தொகுதியின் துடிப்பும் வேண்டும். அது மரத்தில் எழுதப்படாதிருப்பின், தொட்ட கணத்தே கருவி முழுவதும் உறைந்துவிடலாம். பிழைச் செய்தியும் வாராது. 'பயனில்லாத் துடிப்பையும் நிறுத்தாதே' என ஏவினால் கருவி ஓடக்கூடும். ஆயினும் நோய் மறைந்ததேயன்றித் தீர்ந்ததன்று.

மிகைபடக் கூறலும் குற்றமே. குவால்கொம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 410 சில்லிலே நினைவக வலை, அமைப்பு வலை, புறக்கருவி வலை என மூன்று உள. அவற்றின் கணுக்களில் 'பஸ்', 'பஸ்_ஏ' என்னும் இரு துடிப்புகள் முன்னர் எழுதப்பட்டிருந்தன. அவற்றின் வேகத்தை ஆள்வது தனியொரு மின்மேலாண்மைச் செயலி. வலையின் இயக்கி அச்செயலியிடம் நேரே வேண்டுகோள் விடுக்கும் முறை அமைந்தபின், 2023 இல் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. பதிவேடுகளைத் தொடுதற்கு மெய்யாகவே வேண்டுந் துடிப்புகள் மட்டும், அவை தேவைப்படும் சில்லுகளின் மரங்களில் நிலைத்தன.

இதனால் பெறப்படும் விதி ஒன்று: மரம் வன்பொருளின் இயல்பை உரைப்பது, மென்பொருளின் வசதியை உரைப்பதன்று. மென்பொருள் ஆண்டுதோறும் மாறும். வார்த்தெடுத்த சில்லு மாறாது. மாணாக்கர்காள், உள்ளதைக் குன்றாமலும் மிகாமலும் வரிசை பிறழாமலும் எழுதுதல் இலக்கணப் பாடத்தோடு முடிவதன்று. ஓர் இயந்திரம் இயங்குவதும் நிற்பதும் அதனைப் பொறுத்ததே.