பொத்தானை அழுத்தினால் திரும்பும் நாற்காலி

முழங்கால் தேய்ந்த பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையை விட்டு எழுவதற்கு முன், உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் திரும்பத்தான் அதிகம் திணறுவார்கள். நாற்காலியை இழுத்துவிட ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கால் வட்டம் தானே திரும்பும் நாற்காலி இருந்தால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. ஓரளவு தச்சுவேலையும் வயரிங்கும் தெரிந்தவர்கள், வெல்டிங் பட்டறையின் சிறு உதவியோடு இதைச் செய்துவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது திரும்புவதைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே முக்கியம்.

1. அடித்தளம்

கைப்பிடியுள்ள உறுதியான மரநாற்காலியைத் தேர்ந்தெடுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பலகைகள் வேண்டும். மேல்பலகையில் நாற்காலியின் கால்களை எல்-பட்டைகளால் திருகுங்கள். கீழ்ப்பலகையை 10 செ.மீ. உயர இரும்புச் சட்டத்தில் பொருத்துங்கள். இரண்டுக்கும் நடுவே, சுழலும் மேசைகளுக்கு விற்கும் 30 செ.மீ. வட்ட பேரிங். உட்காருபவரைப் போல மூன்று மடங்கு எடை தாங்குவதாக வாங்குங்கள்.

இவற்றால் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. கூடும். நாற்காலிக் கால்களை அந்த அளவுக்கு அறுத்து, இருக்கையை 45 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். கீழ்ப்பலகை மூன்று பக்கமும் இருக்கையைவிட 5 செ.மீ. அகலமாக இருக்கட்டும். இறங்கும் பக்கம் மட்டும் இருக்கையின் விளிம்பைத் தாண்டக் கூடாது. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து ஊன்றினால்தான் எழ முடியும்.

2. மோட்டார்

ஒருவரை உட்காரவைத்து, மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசால் பக்கவாட்டில் இழுங்கள். 3 கிலோ காட்டினால் தேவை 90 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. அதை இருமடங்காக்கி 180 என்று கொள்ளுங்கள்.

மேல்பலகையின் நடுவிலிருந்து ஒரு தண்டைக் கீழே இறக்கி, அதில் 48 பல் சைக்கிள் செயின் வீலைப் பற்றவையுங்கள். மோட்டாரில் 16 பல் சக்கரம். விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதால் மோட்டாருக்கு 60 கிலோ-செ.மீ. போதும். 12 வோல்ட், 6 ஆர்.பி.எம். வார்ம் கியர் மோட்டார் வாங்கினால் கால் வட்டத்துக்கு ஏழரை நொடி ஆகும். தலை சுற்றாத நிதானம் அது. கைப்பிடியை ஊன்றி எழும்போது நாற்காலி நழுவாமல் வார்ம் கியர் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் ஃப்ரீவீலைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு திசையில் மட்டுமே இழுக்கும்.

3. வயரிங்

வீட்டு மின்சாரத்தை நாற்காலிக்குக் கொண்டுவராதீர்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி போதும். சார்ஜ் செய்யும்போது யாரும் உட்காரக் கூடாது.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ், அடுத்து சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான், அடுத்து ஆறு முனை டி.பி.டி.டி. சுவிட்ச். கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் வகையையே கேட்டு வாங்குங்கள். நடு முனைகள் மோட்டாருக்கு. ஒரு ஓரத்து இரண்டு முனைகளில் பேட்டரி. அங்கிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்காக இரண்டு வயர்.

மோட்டார் வயரில், இரு எல்லைக்கும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச், அழுத்தாதபோது இணைந்திருக்கும் என்.சி. முனையில் தொடராக வரட்டும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 3 ஆம்பியர் டயோடு, எதிரெதிர் திசையில். எல்லையில் மின்சாரம் நிற்கும். திரும்பி வர டயோடு வழிவிடும். செயின் மாட்டுமுன் மோட்டாரை ஓடவிட்டு, அது திரும்பும் பக்கத்து லிமிட் சுவிட்சை விரலால் அழுத்திப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். சுவிட்ச் பழுதானாலும் நாற்காலி நிற்க, எல்லைக்குச் சற்று அப்பால் இரும்புத் தடுப்பு வையுங்கள்.

4. காலும் துணியும்

நாற்காலி திரும்பும்போது பாதம் தரையில் உரசினால் கணுக்கால் பிசகும். கீல் வைத்த கால்பலகையை நாற்காலியோடு பொருத்தி, மடக்குவதற்குக் கைப்பிடிவரை கயிறு கட்டுங்கள். சேலைத் தலைப்போ வேட்டி நுனியோ குழந்தையின் விரலோ நுழையாதபடி செயினைத் தகரத்தால் முழுதும் மூடுங்கள்.

5. சோதனை

முதலில் மூன்று 25 கிலோ அரிசி மூட்டைகளை ஏற்றி ஐம்பது முறை திருப்புங்கள். திருகுகளை மறுபடி முறுக்குங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பிடியிலும் முழுப் பாரத்தையும் ஊன்றிப் பாருங்கள். அடித்தளம் துளியும் எழும்பக் கூடாது. தலைசுற்றல் உள்ளவர் என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

கடைசியாகப் பெரியவரை உட்காரவைத்து, சுவிட்சை அவர் கையில் கொடுங்கள். அவருக்காக நீங்கள் அழுத்தாதீர்கள். எப்போது எழுவது என்பதை அவரே முடிவுசெய்யத்தானே இத்தனை வேலையும்.