ஏத்தமா, சமதளமா? பழைய ஜீப்பின் கோளாறைப் பிடிக்கும் வழி

தருமபுரி மாவட்டத்தில் பழைய ஜீப்பை வெறும் ஆசைக்காக வைத்திருப்பவர்கள் குறைவு. வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் இன்று தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கும் குடியிருப்புக்கும் போகும் மண்பாதையில் கார் நுழையாது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றிச் சென்ற படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கழுதைப் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் கிடக்கிற எல்லாப் பாதைகளும் ஜீப்புக்கானவை.

என்னுடையது மஹிந்திரா எம்எம் 540. பிஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி, 62 குதிரைத்திறன். இன்றைய வண்டிகளோடு வைத்துப் பார்த்தால் அது சின்னச் சக்திதான். ஆனால் இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. என்ன கோளாறு என்பதைப் புகையாகவும் சத்தமாகவும் சூடாகவும் வண்டியே காட்டிவிடும். பழைய வண்டிகள் முதுமையால் சாவதைவிட, காரணம் தெரியாமல் பார்ட்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதால்தான் அதிகம் சாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு முறை வத்தல்மலை ஏற்றத்தில் இழுவை குறைந்து வண்டி நின்றது. பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். டீசல் ஃபில்டரை மாற்றியும் சரியாகவில்லை. பம்பைக் கழற்றி கேலிப்ரேஷனுக்குப் போட வேண்டும் என்று இரண்டு பட்டறைகளில் சொன்னார்கள். அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “தம்பி, நிக்கிறப்ப ஏத்தமா, சமதளமா? எவ்ளோ நேரம் ஓடின பெறவு நிக்குது?” என்று கேட்டார். சொன்னேன். “இன்னொரு வாட்டி நின்னா வேற எதையும் தொடாத. டேங்க் மூடிய மட்டும் தொறந்து காது குடுத்துக் கேளு” என்றார்.

அடுத்த முறை நின்றபோது மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போவதற்கு இருக்கிற ஊசித்துளையைச் செம்மண் புழுதி அடைத்திருந்தது. உள்ளிருக்கும் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலைப் பம்ப் இழுக்க விடாது. ஏற்றத்தில் இன்ஜின் அதிக டீசல் கேட்பதால் அங்கேதான் முதலில் தெரியும். பத்து நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் வண்டி மறுபடி ஓடும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மூடியை டீசலில் கழுவினோம். செலவு ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றத்திலா, சமதளத்திலா? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? பதிலை டேஷ்போர்டில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிடுவேன். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டும் கூடவே போகும்.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்தால் இரண்டில் ஒன்று. ராத்திரி நின்ற வண்டியில் டீசல் பின்னால் இறங்கி, லைனில் ஏர் பிடித்திருக்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடிபோலத் தெரிகிற டீசல் ஓஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் ஏர்தான். பெரும்பாலும் தேய்ந்த காப்பர் வாஷரிலோ வெடித்த ரப்பர் ஓஸிலோ கசிவு இருக்கும். இரண்டுமே மலிவு. குமிழி இல்லாமல், கண்ணெரியும் வெள்ளைப் புகையும் டீசல் நாற்றமும் வந்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக பிளக் முனையைத் தொட வேண்டும். லேம்ப் எரியாத பிளக் செத்த பிளக். பிஜோ இன்ஜினுக்கு இந்தச் சூடு அவசியம், மார்கழிக் குளிரில் அதிலும் அவசியம். டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின்களுக்கு அந்த அளவுக்குத் தேவைப்படாது.

இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் கிளீனர், பிறகு நாசில். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கோ லைனரோ தேய்ந்துவிட்டது. அதற்குமேல் சில்லறைச் செலவு செய்வது வீண், இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்க வேண்டியதுதான்.

மிஸ்ஸிங் அடித்தால் ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்குவது பழைய வழக்கம். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாதது. துணி சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சிஆர்டிஇ (காமன் ரெயில்) வண்டிகளில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த லைனில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

நம் ஊர் ஜீப்களுக்கு இன்னொரு எதிரி தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. அதே போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்புகள் ரேடியேட்டரைக் கெடுக்கின்றன. சூடேறும்போது உப்பு பிரிந்து, வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல் ரேடியேட்டர் டியூபுக்குள் படிந்துகொண்டே போகிறது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு வழியில் போர் தண்ணீர் ஊற்றினால் வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள்.

வண்டி ஹீட் ஆவதிலும் இடத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். வத்தல்மலை வளைவுகளில் மெதுவாக ஏறும்போது மட்டும் முள் ஏறினால் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள், ரேடியேட்டருக்கு வெளியே ஒட்டிய மண்ணையும் பூச்சியையும் கழுவுங்கள். சேலம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதீர்கள். இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் வீண், லைனரும் தேயும்.

ஃபோர் வீலைப் பற்றிக் கொஞ்சம். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முறுக்கு முழுவதும் ஜாயின்ட் கிராஸின் மேல் விழும். அதற்காகப் போடாமலே விட்டாலும் லீவர் இறுகிப்போகும், மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் போட்டு ஓட்டுங்கள். சித்தேரிப் பக்கம் மழைக்காலத்தில் ஓடை தாண்டியிருந்தால் ஆக்ஸில் ஹவுசிங் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். ஹவுசிங் மேலிருக்கும் பிரீதர் அடைத்திருந்தால், ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

அந்த பிரீதர் அடைப்பால் இன்னொரு கெடுதலும் உண்டு. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, கிரவுன் ஆயில் சீலைத் தாண்டி வீல் டிரம்முக்குள் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது பிடிக்காமலே போகும். டிரம்மைக் கழற்றினால்தான் இது தெரியும்.

15 வருடம் தாண்டிய சொந்த ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அந்தச் செலவும் இன்ஜின் செலவும் போக, பிரேக்குக்குக் கையில் காசு மிஞ்சாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் நம் மலைப்பாதைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தை நாளில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் ஏறிய அதே கியரில் இறங்குங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்காத ஜீப்பை, இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.