லாலாங் காட்டு உண்ணிக் காய்ச்சல்



லாலாங் புல்லிலும் செம்பனைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு இருக்கும். கடித்தால் வலிக்காது. பத்து நாள் கழித்துத்தான் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வரும். கிருமி, சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் புகுந்து பெருகும். சுவர் கசியும், நுரையீரலில் நீர் கோக்கும், மூளையும் கெடும்.

அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா? பாருங்கள். சிலருக்கு அது வராது. ஆகவே, "புல் வெட்டப் போனேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் ஸ்மேடல் குழு, குளோரம்பெனிக்கால் கொடுத்து இதைக் குணப்படுத்திக் காட்டியது. இப்போது டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. "சும்மா சுரம்தானே" என்று பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். தாமதம்தான் ஆளைக் கொல்லும்.

பூட்ஸ் போடுங்கள். வேலை விட்டதும் குளித்து, உடுப்பை மாற்றுங்கள்.