அனிமேஷன் படிக்கலாமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பொண்ணு நல்லா வரையுறா, அனிமேஷன் சேர்க்கலாமா?" பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எங்கே, என்ன சான்றிதழுக்கு, எவ்வளவு செலவில் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

வேலை எப்படி இருக்கும்?

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். பத்து நொடிக் காட்சி என்றால் 240 படங்கள். இதை ஒருவரே செய்வதில்லை. உருவத்தை வடிவமைப்பவர் மாடலர். அதற்கு எலும்புக்கூடு போல அசைவு அமைப்பைப் பொருத்துபவர் ரிக்கர். நடக்க, சிரிக்க வைப்பவர் அனிமேட்டர். ஒளி அமைப்பவர் வேறு. எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்க்கும் கம்போஸிட்டர் வேறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 'ரோட்டோ' வேலையில் தொடங்குவார்கள். காட்சியிலுள்ள ஆளையோ பொருளையோ பிரேம் பிரேமாக ஓரம் வெட்டிப் பிரிப்பதுதான் அது. பொறுமை ரொம்ப முக்கியம்.

வேலை எங்கே கிடைக்கும்?

மோஷன் கேப்சர் முறையில் உருவான 'கோச்சடையான்' 2014-ல் வெளியானது. இன்று சினிமா மட்டுமல்ல. விளம்பரம், கேம்ஸ், கட்டட வடிவமைப்பு, மருத்துவப் பாடங்கள், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ என்று துறை விரிந்திருக்கிறது. பூந்தமல்லியில் சுமார் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமையும் என்று 2024 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தார். விஎஃப்எக்ஸ், அனிமேஷன் வசதிகளும் அந்தத் திட்டத்தில் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு. பல வேலைகள் புராஜெக்ட் கணக்கில்தான் கிடைக்கும். படம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ரோட்டோ போன்ற வேலைகளை ஏஐ மென்பொருள்கள் வேகமாகச் செய்யத் தொடங்கிவிட்டன. அதனால் மென்பொருளை மட்டும் நம்பாமல் வரைதல், உடலசைவைக் கவனித்தல், கதை சொல்லுதல் ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள்.

அரசு வழிகள்

• தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் 4 ஆண்டு இளங்கலைப் பட்டம் உண்டு. பிளஸ் 2 முடித்திருக்க வேண்டும். இடங்கள் குறைவு, அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

• ஐடிஐ-களுக்கான தொழிற்பிரிவுகளில் 'மல்டிமீடியா அனிமேஷன் அண்ட் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்' ஒன்று. 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. எல்லா ஐடிஐ-யிலும் இது இருக்காது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். அரசு ஐடிஐ மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

• கல்லூரியில் படிப்பவர்கள் 'நான் முதல்வன்' தளத்திலுள்ள திறன் பயிற்சிகளைப் பாருங்கள்.

தனியார் மையத்தில் கேட்க வேண்டியவை

1. தருவது பட்டமா, டிப்ளமோவா, மையத்தின் சொந்தச் சான்றிதழா? பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம்? அதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் சரிபாருங்கள்.

2. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படிப்புகளுக்குத்தான். மையத்தின் சொந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தால் அந்தத் தொகை கைக்கு வராது.

3. '100 சதவீத வேலை உறுதி' என்றால் எழுத்தில் கேளுங்கள். பாதியில் நின்றால் கட்டணம் திரும்ப வருமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

4. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

முதலில் வீட்டிலேயே

சேரும் முன் மூன்று மாதம் முயன்று பாருங்கள். பிளெண்டர், கிரிட்டா இரண்டும் இலவச மென்பொருள்கள். கம்ப்யூட்டர் இல்லையா? போனில் ஸ்டாப் மோஷன் செய்யலாம். ஒரு பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 120 போட்டோ எடுத்து, நொடிக்கு 12 வீதம் ஓடவிட்டால் பத்து நொடிப் படம் தயார். அதைச் செய்யும்போது அலுப்பு தட்டவில்லை என்றால் இந்தத் துறை உங்கள் பிள்ளைக்கு ஒத்துவரும். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழுக்கு முன்னால் பார்க்கப்படுவதும் இப்படிச் செய்த படங்களின் தொகுப்புதான். இன்றைக்கே ஒன்றைத் தொடங்குங்கள்.