விழுந்து வீழ்த்தும் வித்தை

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இன்று மின்சாரப் பம்புகள்தாம் கிணற்று நீரை இறைக்கின்றன. வீட்டில் வயதான தாத்தா இருந்தால் அந்தக் கால ஏற்றத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கிணற்றோரம் நட்ட தூணின் மேல் நீண்ட மரம் ஒன்று கிடக்கும். அதன் ஒரு முனையில் கயிறும் சாலும் தொங்கும். மரத்தின் மேல் ஏறிய ஆள் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். எதிர்ப்பக்கம் நடந்தால் நீர் நிறைந்த சால் மேலே வரும். அவர் கைகளால் நீரை இழுப்பதில்லை. தம் உடலின் எடையையே விசையாக மாற்றுகிறார்.

இதே தத்துவத்தைக் கொண்ட ஒரு விளையாட்டு ஜூடோ. ஜப்பானைச் சேர்ந்த கானோ ஜிகோரோ என்னும் ஆசிரியர், பழைய மற்போர் முறைகளைச் சீர்திருத்தி, 1882-ஆம் ஆண்டில் டோக்கியோவில் கோடோகான் என்னும் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அவர் உருவத்தில் சிறியவர். ஆற்றலை வீணாக்காமல் நன்கு பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1929-இல் தாகூரின் அழைப்பை ஏற்று டகாகாகி ஷின்சோ என்னும் ஜப்பானிய ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்து இக்கலையைக் கற்பித்தார். 1964-இல் ஜூடோ ஒலிம்பிக்கில் இடம் பெற்றது.

ஜூடோவின் எறிமுறைகளில் ஒரு வகைக்கு 'யோகோ சுதேமி' என்று பெயர். யோகோ என்றால் பக்கம். சுதேமி என்றால் உடலைத் துறத்தல். எறிபவர் தாமே பக்கவாட்டில் தரையில் விழுந்து, அந்த வீழ்ச்சியால் எதிராளியையும் வீழ்த்துகிறார். கோடோகானில் வரிசையாகச் செய்து காட்டும் 15 எறிமுறைகளில் கடைசி மூன்றும் இவ்வகையே. தானே விழுந்த ஒருவர் எப்படி வெல்ல முடியும்?

முதலில் ஒரு சோதனை

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வலது தோளும் வலது பாதத்தின் வெளி ஓரமும் சுவரைத் தொடட்டும். இப்போது இடது காலைத் தூக்குங்கள். தூக்கியபடி நிற்க முடிகிறதா? முடியாது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமானால் உடலின் ஈர்ப்பு மையம் அந்தக் காலுக்கு நேர் மேலே வர வேண்டும். சுவர் அதற்கு இடம் தரவில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு பாதங்களின் எல்லைக்குள் விழும்வரைதான் நாம் நிற்கிறோம். எடை முழுவதும் எந்தக் காலில் நிற்கிறதோ, அந்தக் காலை உடனே எடுத்து வைக்கவும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எறிபவர் 40 கிலோ, எதிராளி 60 கிலோ என்று கொள்வோம். எதிராளியின் எடை சுமார் 600 நியூட்டன். அவர் கால்களை அகற்றி நிற்கிறார். ஈர்ப்புக் கோடு வலது பாதத்தின் வெளி ஓரத்திலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கிறது. அவரை நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன் 600 × 0.20 = 120 நியூட்டன் மீட்டர்.

எறிபவர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துத் தொங்குகிறார். தம் எடையில் பாதி, அதாவது 200 நியூட்டன், பாத ஓரத்திலிருந்து 30 செ.மீ. வெளியே செயல்படட்டும். கவிழ்க்கும் திருப்புத்திறன் 200 × 0.30 = 60. நூற்றிருபதை அறுபது வெல்லாது. எதிராளி நின்றுகொண்டே இருப்பார். சிறியவர் மட்டும் தரையில் கிடப்பார்!

ஆனால் முதலில் எதிராளியை வலப்பக்கம் சாய்த்து, ஈர்ப்புக் கோட்டை ஓரத்திலிருந்து 5 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால்? 600 × 0.05 = 30 தான். இப்போது அதே அறுபது போதும், அவர் சாய்ந்துவிடுவார். இப்படி நிலைகுலைப்பதை ஜூடோவில் 'குசுஷி' என்பார்கள். இதுவே முதற்படி.

யோகோ ஓதோஷி என்னும் முறை

1. எறிபவர் இடக்கையால் எதிராளியின் வலச் சட்டைக் கையையும், வலக்கையால் மார்புப் பக்கச் சட்டை மடிப்பையும் பிடிக்கிறார்.

2. எதிராளியின் எடை முழுவதும் வலது பாதத்தின் வெளி ஓரத்துக்கு வரும்படி இழுக்கிறார்.

3. தம் இடது காலை நீட்டி, எதிராளியின் வலது பாதத்துக்கு வெளியே தரையோடு சறுக்கி வைக்கிறார். எதிராளி அந்தக் காலை நகர்த்திப் புதிய ஊன்றுகோல் தேடாதபடி இது தடுக்கிறது.

4. தம் இடப்பக்கமாக விழுகிறார். இடக்கை கீழே இழுக்கிறது. வலக்கை தள்ளித் திருப்புகிறது. எதிராளி நீட்டிய காலைக் கடந்து முதுகு தரையில் பட விழுகிறார்.

விழும்போது கைகள் தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? தடையின்றி விழும் பொருள் எதையும் இழுப்பதில்லை. அறுந்த கயிற்றின் கல்லைப் போல எறிபவர் தனியே விழுவார். பிடி விறைப்பாக இருந்தால்தான் அவர் எடையும் உந்தமும் எதிராளியைச் சென்றடையும்.

துறந்ததை மீட்க முடியாது

நின்று எறிபவர் தவறினால் மறுபடி முயலலாம். விழுந்து எறிபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குசுஷி சரியாக இல்லாவிட்டால் அவர் கீழே, எதிராளி மேலே. ஆகவே பயிற்சியில் எறிவதற்கு முன் விழுவதற்குத்தான் கற்றுத் தருகிறார்கள். முகவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்து, முதுகை வளைத்து, கையால் விரிப்பை அறைந்து விழ வேண்டும். 90 செ.மீ. உயரத்திலிருந்து விழும் உடல் 3 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரித் தாக்குவிசை எடையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. விரிப்பும் உருளும் உடலும் அதை 9 செ.மீ. ஆக்கினால் 10 மடங்குதான்.

எறிபவரின் உடல் எதிராளியின் முழங்கால் மேல் பக்கவாட்டில் சாய்ந்துவிடவும் கூடாது. முழங்கால் மூட்டு முன்பின்னாக மடங்குவதற்கு அமைந்தது. பக்கவாட்டு அழுத்தத்தை அது தாங்காது. இரு கால்களால் எதிராளியின் கால்களைக் கத்தரிபோல் பற்றி வீழ்த்தும் 'கானி பசாமி' என்னும் முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆபத்தானது என்பதால் போட்டிகளில் அதற்குத் தடை உண்டு.

எனவே மாணவர்களே, சுவர்ச் சோதனையை வீட்டில் செய்யுங்கள். எறிமுறையை விரிப்பும் ஆசிரியரும் உள்ள இடத்தில் மட்டும் பழகுங்கள். ஏற்றக்காரர் மரத்தின் மேல் ஒவ்வோர் அடியையும் அளந்துதான் வைத்தார். உடல் எடையை விசையாக்குபவர் முதலில் கற்க வேண்டியது அந்த நிதானத்தையே.

சிந்தித்துப் பாருங்கள்: எதிராளி கால்களை இன்னும் அகற்றி, முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்றால் அவரைப் பக்கவாட்டில் சாய்ப்பது எளிதாகுமா, கடினமாகுமா? ஏன்?