பாலன் பிறந்த எட்டாம் நாள்



நத்தார் தேவாலயத்துக்குரியது, புத்தாண்டு நாட்காட்டிக்குரியது என்று நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றனர். டிசெம்பர் 25இல் பாலன் குடிலின் முன் முழந்தாளிடுகிறோம். 31ஆம் திகதி இரவில் வெடி கொளுத்துகிறோம். இடைப்பட்ட நாட்கள் பலகாரத் தட்டுடன் உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதிற் கழிந்துவிடுகின்றன. திருச்சபையோ இவற்றை இரு வேறு திருநாட்களாகப் பார்ப்பதில்லை. நத்தார் தொடங்கி ஜனவரி முதலாம் நாள் வரையான எட்டு நாட்களையும் அது ஒரே பெருநாளாகக் கொண்டாடுகிறது. இதன் கருத்து என்ன என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

1. ஆண்டுக்கு எண் வந்த விதம்

உரோமையில் வாழ்ந்த தியொனீசியுஸ் என்னும் துறவி, 525ஆம் ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழாவின் திகதிகளைக் கணிக்க முற்பட்டார். அக்காலத்தில் அக்கணிப்புக்குரிய ஆண்டுகள் தியோக்கிளேசியன் பேரரசனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டன. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவனின் நினைவைத் தம் ஏட்டில் நிலைநிறுத்த அத்துறவி விரும்பவில்லை. எனவே ஆண்டவர் மனுவுருவெடுத்த காலத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். ஏரோது மன்னன் கி.மு. 4இல் இறந்தான் என்று வரலாற்றறிஞர் பலர் கொள்வதால், அவருடைய கணக்கு சில ஆண்டுகள் பிந்திவிட்டது என்பர். எண் பிசகியிருக்கலாம், நோக்கம் பிசகவில்லை. துன்புறுத்தியவனின் பெயரிலிருந்து விடுபட்டு, மீட்பவரின் பெயரால் காலம் எண்ணப்படலாயிற்று. இன்று நாம் காணி உறுதியில் இடும் திகதியும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் எழுதும் ஆண்டும் மாட்டுத் தொழுவத்தை நோக்கியே கைகாட்டுகின்றன.

2. எட்டாம் நாளில் நடந்தது

அன்று நடந்ததைப் புனித லூக்கா மிகச் சுருக்கமாகவே சொல்கிறார் (லூக். 2:21). குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். இயேசு என்று பெயரிட்டார்கள். இவ்வளவுதான். ஆனால், இறைவனின் மகன் நம் சட்டத்துக்கு உட்பட்டு முதற் துளி இரத்தம் சிந்திய நாளும், மீட்பு என்ற பொருள் கொண்ட திருநாமத்தைப் பெற்ற நாளும் அதுவே. நம் முதியோர் ஜனவரி முதலாந் திகதியை விருத்தசேதனத் திருநாள் என்று கூறியதன் காரணம் இதுதான். 1969ஆம் ஆண்டின் வழிபாட்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்நாள் மரியாள் இறைவனின் தாய் என்னும் பெருவிழாவாயிற்று. 431ஆம் ஆண்டில் எபேசுப் பொதுச்சங்கம் அறிக்கையிட்ட உண்மையை ஆண்டின் வாசலிலேயே நாம் அறிக்கையிடுகிறோம்.

அன்றைய திருப்பலியின் முதல் வாசகத்தையும் கவனியுங்கள். மக்களை ஆசீர்வதிக்கும் முறையை இறைவன் ஆரோனுக்குக் கற்பிக்கும் பகுதி அது (எண். 6:22-27). அந்த ஆசி செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ பெயர்சொல்லி வாக்களிக்கவில்லை. இறைவனின் பாதுகாவல், அவருடைய திருமுகத்தின் ஒளி, கடைசியாகச் சமாதானம்: இவையே அதன் உள்ளடக்கம். புத்தாண்டில் எதைக் கேட்பது என்று தெரியாதிருப்போர் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

3. குடிலுக்கு அருகே கண்ணீர்

இந்த எட்டு நாட்களுக்குள் திருச்சபை யாரையெல்லாம் குடிலருகே கொண்டுவந்து நிறுத்துகிறது! 26இல் கல்லெறியுண்டு மடிந்த முடியப்பர். 28இல் ஏரோதின் வாளுக்கிரையான மாசற்ற குழந்தைகள். நத்தார் மகிழ்ச்சி துன்பத்தை அறியாத மகிழ்ச்சியன்று என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

நம் யாழ்ப்பாண மண்ணுக்கு இந்தப் பாடம் புதியதல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றி இருந்த மந்தையைத் தேடி, 1687இல் கோவையிலிருந்து புறப்பட்டு வந்தவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். பிச்சைக்காரர் வேடத்தில், கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்று கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமளித்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வீடுகளில் இரகசியமாகக் கூடியிருந்த ஏறத்தாழ முந்நூறு விசுவாசிகளை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். திருச்சுரூபங்கள் நொறுக்கப்பட்டன. அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவர் கசையடியால் உயிர்நீத்தார். வேறு சிலர் கோட்டையில் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர்.

1690ஆம் ஆண்டின் முதல் நாளை அக்குடும்பங்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள். தகப்பன் சிறையில், குருவானவர் மறைவில். பின்னர் அடிகளார் புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். ஆனால் அவர் விதைத்தது அழியவில்லை. இன்று நாம் கதவுகளைத் திறந்துவைத்து, மணியடித்து, ஒலிபெருக்கியில் பாடிக் கொண்டாடும் நத்தார், அந்த இரவில் மூடிய கதவுகளுக்குள் இருந்தவர்கள் காத்துத் தந்த நத்தார்.

நாமும் இத்தகைய நத்தார்களைக் கண்டவர்களே. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தார்கள். சரியாக எட்டு வாரங்களில் நத்தார் வந்தது. விடுதியில் இடமில்லை என்ற நற்செய்தி வார்த்தைக்கு அவ்வாண்டில் எவரும் விளக்கவுரை சொல்லவேண்டியிருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்றைய நற்செய்தி, பாலனைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மரியாளும் எகிப்துக்கு ஓடிய பகுதி. அன்று காலையிற்றான் கடல் எழுந்து, மணற்காடு, மருதங்கேணி என வடமராட்சிக் கிழக்குக் கரையோரத்தை அள்ளிச் சென்றது. பாலன் குடில்கள் கட்டி ஒருநாள்கூடச் செல்லாத வீடுகள் அவற்றுள் இருந்தன.

இறைவன் எங்கே இருந்தார் என்று அன்று கேட்டவர்கள் பலர். அக்கேள்வியைக் கேட்டதற்காக எவரையும் கடிந்துகொள்ள வேண்டாம். எளிதான மறுமொழி எதுவும் நம்மிடம் இல்லை. ஓடிப் பிழைக்கவேண்டிய குழந்தையாகவே அவர் நம்மிடையே வந்தார் என்பதை மட்டும் அந்த ஞாயிற்றின் நற்செய்தி நமக்குக் காட்டுகிறது.

4. இடையர்கள் எங்கே போனார்கள்?

வானதூதரின் பாடலைக் கேட்டு, பாலனைக் கண்டு மகிழ்ந்த இடையர்கள் அதன்பின் என்ன செய்தார்கள்? இறைவனைப் புகழ்ந்துகொண்டு திரும்பிச் சென்றார்கள். அதே வயல், அதே மந்தை, அதே பனி. அவர்கள் நிலைமை மாறவில்லை, அவர்கள் மாறினார்கள். புத்தாண்டு பிறந்தால் கடன் தானாகத் தீரும், வெளிநாட்டு விசா வரும், கிரகம் மாறும் என்று காத்திருப்போருக்கு இது நல்ல பாடம்.

மரியாளோ நடந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார். ஆண்டிறுதியில் நாம் செய்யவேண்டியதும் அதுவே. டிசெம்பர் 31இல் நன்றிப் பாடலாகிய தெதேயும் பாடுவது நம் பங்குகளின் நல்ல வழக்கம். எதற்காக நன்றி என்று தெரியாமற் பாடினால் அது வெறும் ராகமாகிவிடும். அன்று மாலை கால் மணி நேரம் தனியே அமர்ந்து, ஆண்டின் பன்னிரு மாதங்களையும் ஒவ்வொன்றாக இறைவன்முன் விரித்துவையுங்கள்.

5. சமாதான நாளும் கதியால் வேலியும்

ஜனவரி முதலாம் நாளை உலக சமாதான நாளாக அனுசரிக்குமாறு பாப்பரசர் 6ஆம் பவுல் வேண்டிக்கொண்டார். 1968 முதல் அது அனுசரிக்கப்பட்டு வருகிறது. 1972ஆம் ஆண்டுக்கான தம் செய்தியில், சமாதானத்தை விரும்புவோர் நீதிக்காக உழைக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இதை நாடுகளுக்கும் அரசுகளுக்கும் உரிய புத்தியாக ஒதுக்கிவிட முடியாது.

கதியால் மாற்றும்போது ஒரு முழம் உள்ளே நட்டுவிட்டார் என்று பத்து ஆண்டுகளாக அடுத்த வளவோடு பேசாத வீடுகள் நம்மிடையே உண்டு. சீதனக் காணியால் பிரிந்து, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கி, வெவ்வேறு வாசலால் வெளியேறும் சகோதரர்கள் உண்டு. சாதியின் பெயரால் ஒருவர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர், தொழுவத்திற் பிறந்தவரை எப்படி முத்தமிடுவார்? முழம் நிலம் உண்மையிலேயே பறிபோயிருந்தால் அதை நீதியாகத் தீர்க்கவேண்டும், மௌனம் சமாதானமாகாது. ஆனால் பேசத் தொடங்காமல் எந்த நீதியும் பிறக்காது.

2009இல் போர் ஓய்ந்தபின்னும், கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்டு மறுமொழி பெறாத தாய்மாரும் நம் பங்குகளில் உள்ளனர். அவர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் பலரும் தயங்குகிறோம். வாழ்த்துச் சொல்லத் தயங்கினாலும் அவர்கள் படலையைத் திறந்து உள்ளே போகத் தயங்கவேண்டாம். அருகிருந்து அப்பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். பெயரிட்ட நாளுக்கு அதைவிடப் பொருத்தமான வழிபாடு இல்லை.

6. எட்டு நாட் பயிற்சி

ஜனவரி முதலாம் நாளில் பரிசுகள் பரிமாறிக் களியாட்டத்தில் ஈடுபட்ட உரோமரைப் பின்பற்றவேண்டாம், அந்நாளில் தருமம் செய்யுங்கள் என்று புனித அகுஸ்தீன் தம் மக்களுக்குப் போதித்தார். அவருடைய புத்தியை இந்த எட்டு நாட்களிலும் செயற்படுத்தலாம்.

• நாளொன்றுக்கு ஒருமுறை குடும்பமாகக் குடிலின் முன் கூடி, லூக்கா 2ஆம் அதிகாரத்திற் சிறு பகுதியை வாசியுங்கள்.
• வெடிக்கும் புதுத் துணிக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, பெயர் வெளிப்படாமல் ஒரு வறிய குடும்பத்துக்குக் கொடுங்கள்.
• பேசாதிருக்கும் ஒருவரிடம், ஆண்டு முடியுமுன் நீங்களே முதலிற் செல்லுங்கள்.
• முதலாம் நாட் காலையில், தாய் தந்தையர் பிள்ளைகளின் நெற்றியிற் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதியுங்கள். கைவிசேடம் அதன்பின் ஆகட்டும்.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது என்று உங்கள் மனம் சொல்லுமாயின், அதிலிருந்தே தொடங்குங்கள்.

எட்டாம் நாளில் இயேசு என்று அழைக்கப்பட்ட ஆண்டவர், அச்சத்தின் நடுவிலும் உம்மைக் கைவிடாத எம் முன்னோரின் விசுவாசத்தை எமக்கும் தந்து, எம் வேலிகளுக்கு இருபுறமும் உம் சமாதானத்தை நிலைநாட்டுவீராக. ஆமென்.