கம்பியில்லா அட்டை பேச மறுத்தால்...

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி நம் பெட்டிக்கு இல்லை. அதை எடைக்குப் போட மனமின்றி, அக்காள் அதில் லினக்ஸை நிறுவித் தருகிறாள். திரை பளிச்சென்று எழுகிறது. வைஃபை மட்டும் வரவில்லை. "அட்டை போய்விட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்று யாராவது சொல்லிவிடுவர். அப்பா பணப்பையைத் திறக்கும் முன் நாம் ஒரு மணி நேரம் பொறுமையாக ஆராய்வோமா?

லினக்ஸின் கருவை ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பிழை எங்கே என்பதையும் அது மறைப்பதில்லை. கேட்கும் முறை தெரிந்தால் போதும்.

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையை இடுவோம். அட்டை மென்பொருளால் பூட்டப்பட்டுள்ளதா, பொத்தானால் பூட்டப்பட்டுள்ளதா என்று இரண்டு வரிகளில் விடை வரும். மென்பூட்டை ஒரு கட்டளையால் திறக்கலாம். வன்பூட்டுக்குக் கட்டளை பயன்படாது. பெட்டியின் விளிம்பிலுள்ள சிறு சுவிட்சைத் தள்ள வேண்டும். இதைப் பாராமல் லினக்ஸையே இரண்டு முறை அழித்து நிறுவுவோரும் உண்டு. சிரிக்க வேண்டாம், நாமும் அந்த வரிசையில் நின்றவர்களே!

பூட்டு இல்லையெனில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை, பெட்டிக்குள் உள்ள கருவிகளை வரிசைப்படுத்தும். யுஎஸ்பி வகை அட்டைக்கு 'எல்எஸ்யுஎஸ்பி'. பட்டியலில் அட்டையே இல்லாவிட்டால், அது இடத்தில் சரியாக அமரவில்லை, அல்லது பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது, அல்லது உண்மையாகவே பழுதாகிவிட்டது. பெயர் இருந்தால் பெரும்பாலும் அட்டை உயிரோடுதான் இருக்கிறது. பெயருடன் வரும் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு சில்லுகள் விற்கப்படுவதால், உறையில் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்ணையே நம்பலாம்.

அட்டை இருந்தும் பேசவில்லையென்றால் குறை டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ இருக்கலாம். டிரைவர் என்பது கணினிக்கும் அட்டைக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஃபர்ம்வேரோ அட்டைக்குள்ளேயே ஓடும் நிரல். அட்டை விழிக்கும்போதெல்லாம் அதை ஊட்ட வேண்டும். 'டிமெசேஜ்' என்று வாசிக்கப்படும் கட்டளையின் குறிப்புகளில் "ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை" என்னும் பொருளில் வரி இருந்தால் நோய் தெரிந்துவிட்டது.

இந்த நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. பிராட்காம் சில்லுகளுக்கு முன்பு திறந்த டிரைவர் இல்லை. ஆர்வலர் குழு ஒன்று மூடிய டிரைவரை ஆராய்ந்து, சில்லின் நடத்தையை ஏட்டில் எழுதியது. அந்த ஏட்டை மட்டும் பார்த்து வேறொரு குழு புதிய டிரைவரை எழுதியது. நகலெடுத்தார்கள் என்ற பழி வராதிருக்கவே இந்த ஏற்பாடு! அது 2006-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஆயினும் ஃபர்ம்வேரை உடன் வழங்க உரிமை இல்லாததால், பயனரே அதைப் பழைய டிரைவரிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 2010-இல் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. டெபியன் குழுவினர் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் இத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டிலேயே சேர்த்தனர். எனவே பழைய வட்டைத் தேடாமல் புதியதை எடுப்பதே நல்லது.

இருப்பினும் கோப்பு இல்லையெனில்? இணையம் வேண்டுமானால் ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் வேண்டுமானால் இணையம் வேண்டும்! கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து 'டெதரிங்' வசதியை இயக்கினால், கணினி அதைக் கம்பி வலையாகவே எண்ணிக்கொள்ளும். தேவையான தொகுப்பை நிறுவிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கலாம்.

எல்லாம் சரியாகி, அயல்வீட்டு வலைகள் தெரிந்தும் நம் வீட்டு வலை மட்டும் தெரியாமற்போவதுண்டு. ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சானலில் இருக்கக்கூடும். கணினியில் நாடு அமெரிக்கா என்று பதிவாகியிருந்தால் அவை காணாது. நாட்டை இந்தியா என மாற்றலாம்; இல்லையேல் ரூட்டரை 1, 6, 11 இவற்றுள் ஒன்றுக்கு மாற்றிவிட்டால், மற்றக் கருவிகளுக்கும் அதுவே வசதி.